எதுகை யாருக்குத் தளை?

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் கவிதைப் போட்டியொன்றுக்கு நடுவர் மூவருள் ஒருவனாக இருந்தேன். வந்திருந்த கவிதைகளுள் ஒன்று, நெடுங்காலம் இடம்பெயர்ந்திருந்து சொந்த ஊருக்கு மீளும் ஒருத்தியைப் பற்றியது. அகவலோசை தழுவிய ஏறத்தாழ முப்பது அடிகள். அவற்றுள் எதுகை எனத்தக்கது ஓரிடத்தில் மட்டுமே இருந்தது. ஓரடி ‘முற்றம்’ என்று தொடங்க, அடுத்த அடி ‘சுற்றம்’ என்று தொடங்கியது. முற்றம் கிடக்கின்றது, அதிற் கூடியிருந்த சுற்றம் இல்லை. அவ்வளவே செய்தி. ஏனைய இரு நடுவர்களும் புள்ளியிட்டுத் தந்த தாள்களைப் பின்னர் ஒப்புநோக்கியபோது விந்தையொன்றைக் கண்டேன். ஒருவர் அவ்விரு சொற்களையும் வட்டமிட்டு, ‘எதுகை இவ்வளவுதானா? யாப்பறிவு போதாது’ என்று எழுதியிருந்தார். மற்றவரும் அதே சொற்களின் கீழேயே கோடிட்டிருந்தார். அவர் எழுதியிருந்தது: ‘பழைய பாணி, தவிர்த்திருக்கலாம்.’

இருவரும் தமிழைக் கற்றவர்கள், கற்பிப்பவர்கள். ஒருவர் மரபுக்கவிதையின் காவலர். மற்றவர் புதுக்கவிதையின் வழக்கறிஞர். கவிதை பற்றிய எந்த வினாவிலும் உடன்படாத இருவர், எதுகை உண்டா இல்லையா என்று பார்ப்பதோடு நின்றுவிடுவதில் உடன்பட்டனர். அவ்விடத்தில் அது என்ன செய்கின்றது என்று இருவருமே கேட்கவில்லை. அவர்களிடையே சமரசம் பேசி அக்கவிதைக்கு ஓர் ஆறுதற் பரிசு வாங்கிக் கொடுத்ததையிட்டு நான் பெருமைப்படுவதற்கு ஒன்றுமில்லை. அன்று செய்யத் தவறிய வாதத்தையே இங்கு செய்ய முற்படுகின்றேன்.

முதலிற் புதுக்கவிதையின் வழக்கறிஞரைக் கவனிப்போம். எதுகையும் மோனையும் நிலமானிய சமுதாயத்தின் எச்சங்கள். அரசவைப் புலவர் தம் சாமர்த்தியத்தைக் காட்டப் புனைந்த விலங்குகள். மக்கள் கவிஞனுக்கு அவை வேண்டா. இவ்வாதத்தை நம் கருத்தரங்குகளிற் பலமுறை கேட்டிருக்கின்றோம். கேட்பதற்கு முற்போக்காகவே ஒலிக்கின்றது. ஆயின் உண்மை வேறு. ‘காடு மேடு’ என்றும் ‘அக்கம் பக்கம்’ என்றும் ‘தட்டுமுட்டு’ என்றும் ‘அடிதடி’ என்றும் பேசுபவன் எந்த அரசவையில் இருந்தவன்? ‘வாடி வதங்கி’, ‘ஆற அமர’, ‘குற்றங்குறை’ என்பன எவ்வகை மோனை என்று சொல்லத் தெரியாதவர்களே அவற்றை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். ஆடிப் பட்டம் தேடி விதை என்ற கமக்காரன் காரிகை கற்றவனல்லன். எழுத்தறியாத தாய்மாரின் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அருவி வெட்டுவோர் பாடலிலும் எதுகையும் மோனையும் தாமே வந்து விழுகின்றன. மக்களிடமிருந்து புலவன் பெற்றுக்கொண்ட பொருளைப் புலவனுடையதெனப் பட்டியலிட்டு, அதனை மக்களின் பெயரால் நிராகரிப்பது எவ்வகை முற்போக்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் இங்கு சொல்லவேண்டும். விலங்கு என்னும் உருவகமே இரவல் வாங்கியது. மில்டன் தமது ‘இழந்த சுவர்க்கம்’ காவியம் 1667 இல் வெளிவந்த பின்னர், 1668 ஆம் ஆண்டுப் படிகளிற் சேர்த்த குறிப்பொன்றில், அடியீற்று ஒலியியைபை ஓர் அடிமைத்தனமாகவே கண்டித்து, தாம் அதனைக் கைவிட்டமைக்கு நியாயம் கூறினார். ஆங்கிலக் கவிதைக்கு அவ்வழக்குப் பொருத்தமானதே. ஆங்கில இலக்கியம் பயின்று வந்த நம்மவர் அம்மனக்குறையை அப்படியே எடுத்துவந்து எதுகையின்மேற் சுமத்தினர். மில்டன் வெறுத்தது அடியின் ஈற்றில் நிற்பது. நம்முடையது அடியின் முதலில் நிற்பது. இரண்டும் ஒன்றெனக் கொண்டதிலேயே குழப்பம் தொடங்குகின்றது. நம் வகுப்பறைகளில் ஆங்கிலக் கவிதையின் ஈற்றியைபை ‘எதுகை’ என்றே மொழிபெயர்த்துக் கற்பித்து வந்தமையும் இதற்கு உதவியிருக்கின்றது.

வேறுபாடு எத்தகையது? ஆங்கிலச் செய்யுளின் இயைபமைப்பை எழுத்திட்டுக் குறிப்பர். அஆஅஆ என்றால் முதலடியும் மூன்றாமடியும் தம்முள் ஒன்றும். இரண்டாவதும் நான்காவதும் தம்முள் ஒன்றும். சேக்சுபியரின் பதினான்கடிப் பாடல்கள் இவ்வாறு மூன்று நாலடிகளாகவும் ஈற்றில் ஓர் ஈரடியாகவும் கட்டப்பட்டவை. அங்கு இயைபு பாடலின் கட்டடப்படம். செவி ஓர் ஒலியைக் கேட்டு அதன் இணைக்குக் காத்திருக்கும்; இணை வந்ததும் அடி முடிந்ததென உணரும்.

தமிழிலோ ஓசையொப்புமை பெரும்பாலும் தொடக்கத்தில் நிகழ்கின்றது. முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாமெழுத்து ஒன்றிவருவது எதுகை. ‘பாடு’ என்பதற்குக் ‘கூடு’ எதுகையாகும், ‘படு’ ஆகாது. முதலெழுத்தின் நெடிலும் குறிலும் ஒத்திருக்கவேண்டும் என்னும் இச்சிறு விதியை மாணவர் மனனம் செய்வர். காரணத்தை எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அளவொத்தால் இரண்டடிகளும் ஒரே தாளத்தில் அடியெடுத்து வைக்கும். எதுகை எழுத்தொப்புமை மாத்திரமன்று, நடையொப்புமையும் ஆகும். தெலுங்கும் கன்னடமும் இரண்டாமெழுத்துப் பிராசத்தை இவ்வாறே போற்றின என்பது, இது தனிப்பட்ட எந்தப் புலவனின் கண்டுபிடிப்பும் அன்று என்பதற்குச் சான்று.

தொடக்கத்தில் நிகழ்வதற்கு மொழியமைப்பிற் காரணம் உண்டு. தமிழ்ச் சொல்லின் பகுதி முன்னே நிற்கும். விகுதியும் உருபும் பின்னே ஒட்டும். எனவே ஈற்றில் ஓசை ஒன்றுவது தமிழில் மிக மலிவான காரியம். வந்தான், நின்றான், சென்றான், கண்டான் என்று எத்தனை வினைகளையும் அடுக்கலாம். ஒன்றுவது ‘ஆன்’ என்னும் விகுதி மாத்திரமே. சொற்களுக்கிடையே எவ்வித உறவும் பிறப்பதில்லை. முற்றமும் சுற்றமும் எதுகையால் இணையும்போது இணைவன அச்சொற்களின் உயிர்நிலைகள். செவி இணைத்ததை மனம் பிரிக்க முடியாமல் ஒரு கணம் நின்று பொருள் தேடுகின்றது. அம்மாணவியின் கவிதையில் நிகழ்ந்தது இதுவே. (சிங்களத்தின் நாலடிச் சிவ்பதம் அடியீற்று ஒப்புமையாகிய எளிசமத்தைக் கொண்டே வாழ்ந்தது. அம்மொழியும் விகுதிகள் மலிந்த மொழியே. ஆகவே இலக்கண அமைப்பு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று நான் வாதிடவில்லை. மரபுக்கும் பங்குண்டு.)

எதுகையை விரட்டிய புதுக்கவிஞர் சிலர் வாசலைத் திறந்துவிட்டது எதற்கு என்று பார்த்தால் நகைப்பே வரும். கனவுகள், நினைவுகள், வலிகள், வழிகள் என்று அடிதோறும் ‘கள்’ வந்து குந்துகின்றது. அல்லாவிடின் எட்டு அடிகள் தொடர்ந்து ‘இல்லை’ என்று முடிகின்றன. இலக்கணிகள் இயைபு என்று பெயரிட்டு, பெருமளவிற் கையாளாது விட்டுவைத்த ஒன்றை, அதன் மிக எளிய வடிவில் மீண்டும் கண்டுபிடித்துவிட்டு விடுதலை என்கின்றனர். மேடைப் பேச்சின் அடுக்குமொழியும் திரைப்பாடலும் எதுகை மோனைக்குத் தேடித்தந்த கெட்ட பெயர் எனக்கும் தெரியும். ஒலி ஒன்றினாற் போதும், பொருள் தானாக வந்துவிடும் என்று நம்பிய ஒரு தலைமுறைப் பேச்சாளர்கள் தமிழகத்திலும் ஈழத்திலும் இருந்தனர். அவர்களுடைய குற்றத்துக்குத் தண்டனையைக் கவிதைக்கு வழங்குவது நீதியாகாது.

இனி மரபின் காவலரிடம் வருவோம். இவரோடு எனக்குள்ள வழக்குச் சற்று நீண்டது. ஏனெனில் மாணவரின் செவியைக் கெடுத்ததில் இவருடைய பங்கே பெரிது.

இவர் கற்பிப்பது தொடையன்று, தொடைக் கணக்கு. பத்தாம் நூற்றாண்டளவில் அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகை தொடை விகற்பங்களை 43 ஆகக் காட்டுகின்றது. மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை ஆகிய ஐந்தும் அடி, இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய், முற்று என எட்டெட்டாக விரிய நாற்பது. அந்தாதி, இரட்டை, செந்தொடை மூன்றும் சேர நாற்பத்து மூன்று. தொல்காப்பியச் செய்யுளியலின் கணக்கோ பதின்மூவாயிரத்தையும் தாண்டும். மாணவர் இவற்றை வாய்பாடாக ஒப்புவிப்பர். ஒன்று மூன்றாஞ் சீர்களில் வருவது பொழிப்பு. ஒன்று நான்காஞ் சீர்களில் வருவது ஒரூஉ. சரி, ஏன் பொழிப்பு மோனை கவிஞராற் பெரிதும் விரும்பப்பட்டது? நாற்சீரடியை இரண்டாக மடித்தால் மடிப்பு விழும் இடம் மூன்றாஞ் சீரின் தலை. அறுசீர் விருத்தத்தில் மோனை நான்காஞ் சீருக்கு நகர்கின்றது. எழுசீரிலும் எண்சீரிலும் ஐந்தாஞ் சீருக்குச் செல்கின்றது. அடி எங்கே மூச்செடுக்கின்றதோ அங்கே மோனை நின்று அடுத்த பாதிக்கு வழிகாட்டுகின்றது. விருத்தமொன்றை வாய்விட்டுப் படிப்பவனுக்கு இதனைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியதில்லை. வாய்விட்டுப் படியாதவனுக்கு 43 விகற்பங்களைச் சொல்லியும் பயனில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எட்டு விகற்பங்களுள் அடித்தொடை ஒன்றே மேலிருந்து கீழாகச் செல்வது. ஏனைய ஏழும் ஓரடிக்குள்ளே இடமிருந்து வலமாகச் செல்வன. ஆங்கிலத்தார் இயைபமைப்பை நெடுக்காகக் கட்டினர். நம்மவர் தம் கவனத்தின் பெரும்பகுதியைக் கிடையாகவே செலவிட்டனர். தமிழில் அத்தகைய அமைப்பே இல்லை என ஆங்கிலம் பயின்ற மாணவர் எண்ணுவது இவ்வேறுபாட்டை எவரும் எடுத்துச் சொல்லாமையினாலேயே.

மேலே நான் சொன்ன வழிகாட்டல் உவமைக்காகச் சொல்லப்பட்டதன்று. ஏட்டுச் சுவடியிற் செய்யுளை அடிபிரித்து எழுதும் வழக்கம் இல்லை. ஓலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எழுத்து இடைவெளியின்றி ஓடும். புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். அத்தகைய ஓலையிற் புதிய அடி எங்கே தொடங்குகின்றது என்பதைப் படிப்பவனுக்கு அறிவித்தவற்றுள் எதுகை முதன்மையானது. ஏடெழுதுவோன் இரண்டாமெழுத்திற் பிழைவிட்டால் எதுகை அதனைக் காட்டிக்கொடுக்கும். 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்களுக்குச் சிதைந்த ஏடுகளின் நடுவே ஓசையறிவு எத்துணை அவசியமாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மனனத்துக்கும் அதுவே துணை. ஓரடி மறந்தவன் எதுகையைப் பற்றிக்கொண்டு அடுத்த அடிக்கு ஏறுவான்.

ஆயின் அச்சு வந்தபின் நிலைமை மாறிற்று. அடிகளைத் தனித்தனி வரிகளாகப் பிரித்துக் காட்டும் பணியைத் தாளே ஏற்றுக்கொண்டது. நினைவைக் காக்கும் பணியைப் புத்தகம் ஏற்றது. எதுகையின் தொழில்களுட் பாதி இவ்வாறு அதன் கையைவிட்டுப் போயிற்று. புதுக்கவிதை அச்சுக் காலத்தின் குழந்தையாயிருப்பது தற்செயலானதன்று. பாரதியின் வசன கவிதைகளும், மணிக்கொடிக் காலத்து முயற்சிகளும், 1959 இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழின் கவிதைகளும் கண்ணாற் பார்க்கப்படும் வரியை நம்பி எழுந்தவை. ஆகவே எதுகை இன்றியமையாதது என்று இன்று விதிப்பவர், காரணம் மறைந்த பின்னரும் கட்டளையை மட்டும் காத்து நிற்கின்றார்.

அக்கட்டளை மிகப் பழையதும் அன்று. சங்க அகவல்களில் எதுகையும் மோனையும் வேண்டுமிடத்தில் வருகின்றன; வேண்டாதவிடத்து அடிகள் அவையின்றியே நடக்கின்றன. அப்பாடல்களைப் பாணரின் வாய்மொழி மரபில் வைத்து ஆராய்ந்து பேராசிரியர் கைலாசபதி 1968 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் முடிபுகளை ஏற்காதாரும் உளர். எனினும் செவிக்கென அமைந்த கவிதை என்ற நோக்கில் அவற்றைப் படிக்க அவர் நமக்குக் கற்பித்தார். நான்கடியும் ஓரெதுகையால் நிற்கவேண்டும் என்ற கண்டிப்பு விருத்தம் ஓங்கிய பிற்காலத்துக்கே உரியது. எல்லாவற்றுக்கும் மேலாகச் செந்தொடை இருக்கின்றது. எவ்வகை ஒப்புமையுமின்றி வரும் அடிகளுக்கும் இலக்கணிகள் ஒரு பெயர் சூட்டி, அதனையும் தொடையென்றே எண்ணி, நாற்பத்து மூன்றில் ஓரிடம் கொடுத்தனர். எதுகை இல்லாத அடியைக் கண்டு முகஞ்சுளிக்கும் ஆசிரியர் தாம் பாதுகாப்பதாகச் சொல்லும் நூலுக்கே மாறாக நடக்கின்றார். ‘வெற்றெனத் தொடுத்தல்’ என்றும் ‘நின்று பயனின்மை’ என்றும் நன்னூலார் கூறிய குற்றங்கள் எதுகைக்காகச் சொல்லைத் திணித்தவனுக்கே பொருந்தும். எதுகையை விட்டவனுக்கு அல்ல.

அயலில் நடந்த ஒரு வழக்கையும் நினைவூட்டலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனையடுத்தும் மலையாளத்தில் இதே இரண்டாமெழுத்துப் பிராசம் பற்றிப் பெரும் போர் மூண்டது. கேரளவர்மா வலிய கோயித்தம்புரான் பிராசத்தின் பக்கம். அவருடைய மருகர் ஏ. ஆர். இராஜராஜவர்மா எதிர்ப்பக்கம். கே. சி. கேசவபிள்ளை பிராசத்தைக் கைவிட்டுக் ‘கேசவீயம்’ என்னும் காவியத்தைச் செய்தார். உள்ளூர் பரமேசுவர ஐயர் அதனைக் கடைப்பிடித்து ‘உமாகேரளம்’ செய்தார். இரு தரப்பும் தத்தம் கொள்கைக்குக் காவியத்தையே சாட்சியாக நிறுத்தின. பிராசம் சட்டமாயிருந்த நிலை அதன்பின் நீங்கியது. செவிக்கினிய ஒரு வளமாக அது எஞ்சியது. நாமோ கவிதையைச் சாட்சிக்கு அழைப்பதில்லை. பெரும்பாலும் கொள்கை விளக்கக் கூட்டங்களோடு நின்றுவிடுகின்றோம். இந்நாட்டிலேயே சிரி குணசிங்க 1956 இல் வெளியிட்ட தொகுதியுடன் சிங்கள நிசந்தஸ் கவிதை பற்றிய விவாதம் சூடேறியபோது, அதனைத் தமிழ்த்துறைகள் அடுத்த அறையிலிருந்தேனும் உற்றுக் கேட்டிருக்கலாம்.

நம்மிடம் சாட்சி இல்லாமலில்லை. அளவெட்டியிற் பிறந்த மஹாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971) 1966 இல் வெளியிட்ட ‘குறும்பா’ தொகுதி என் வாதத்துக்குப் போதும். ஆங்கில லிமரிக் ஐந்தடி கொண்டது. அதன் இயைபமைப்பு அஅஆஆஅ. வேடிக்கைப் பாட்டென்று ஒதுக்கப்படும் அவ்வடிவத்தை அவர் தமிழுக்குக் கொணர்ந்தபோது எதிர்ப்பட்ட சிக்கல் நான் மேலே சொன்னதே. வெறும் விகுதிகள் ஒன்றினால் நகைச்சுவை பிறவாது. சிறந்த குறும்பாக்களில் முதலாம், இரண்டாம், ஐந்தாம் அடிகளின் ஈற்றில் விகுதிக்கு முன்னுள்ள ஓசையும் சேர்ந்தே ஒன்றுவதைக் காணலாம். ஐந்தாமடியின் இறுதிச் சொல் முதலடியின் இறுதிச் சொல்லைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கின்றது. குறுகிய இடையடிகளிலோ ஈற்றியைபை அவர் வற்புறுத்தவில்லை; பல இடங்களில் நம் பழைய எதுகை அடிமுதலில் வந்து அதன் வேலையைச் செய்கின்றது. ஆங்கில அமைப்பின் நெடுக்குக் கட்டும் தமிழ்த் தொடையின் முதற்கட்டும் ஐந்து அடிகளுள் ஒருங்கே நிற்கின்றன. இதனைச் செய்தவருக்கு யாப்பு விலங்காயிருந்ததென்று எவர் சொல்வார்? பேச்சோசையைச் செய்யுளுக்குள் கொணர்வதில் அவரும் இ. முருகையனும் ஈட்டிய வெற்றி, தொடையை எங்கே இறுக்கலாம், எங்கே தளர்த்தலாம் என அறிந்தமையாலேயே வாய்த்தது. 1985 இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுதியில் எதுகையைக் கட்டாயமாகக் கொள்ளாத கவிதைகளே மிகுதி. அவற்றுட் சிலவற்றை வாய்விட்டுப் படித்தால் அகவலின் நடை காதில் விழும். பழையதைக் கேட்டுப் பழகிய செவி, புதியதை எழுதும்போதும் உறங்குவதில்லை.

பரீட்சைகளில் நாம் என்ன கேட்கின்றோம்? ‘இப்பாடலில் வந்துள்ள எதுகை, மோனைகளை எடுத்தெழுதுக.’ இதற்கு மாணவன் பாடலைப் படிக்கவேண்டியதில்லை. ஒவ்வோரடியின் முதலிரண்டு எழுத்துகளைப் பார்த்தாற் போதும். பொருள் தெரியாத ஒருவனும் முழுப்புள்ளி பெறக்கூடிய வினா அது. அவ்வாறு புள்ளி பெற்றவர்களே பின்னர் ஆசிரியராகி வட்டமிடுகின்றனர். அல்லது சலித்துப்போய்ப் புதுமைவாதியாகிக் கோடிடுகின்றனர். என் இரு நடுவர்களும் ஒரே வினாத்தாளிலிருந்து புறப்பட்டவர்கள் என்றே நான் எண்ணுகின்றேன். அவ்வினாவை நீக்கிவிட்டு, பாடலின் இரு சொற்களை எடுத்துக்காட்டி, ‘இவ்விரண்டையும் கவிஞர் எதுகையால் இணைத்தமையாற் பொருளில் நேர்ந்தது யாது? இணைக்காவிடின் எதனை இழந்திருப்போம்?’ என்று கேட்கலாம். ‘ஒன்றும் இழக்கமாட்டோம்’ என்று காரணங்காட்டி எழுதுபவனுக்கும் முழுப்புள்ளி வழங்கவேண்டும்.

பரிசளிப்பு முடிந்தபின் அம்மாணவி என்னிடம் வந்து தன் கவிதையில் என்ன குறை என்று கேட்டாள். இரு தாள்களையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், “முற்றம் எண்டு எழுதின உடனை சுற்றம் எண்டு வந்திட்டுது, சேர். நான் தேடேல்லை. பிறகு ரெண்டு மூண்டு தரம் வெட்டிப் பார்த்தன், வெட்ட அந்த இடம் வெறுமையாப் போச்சுது” என்றாள். அவளுக்கு நான் அன்று ஒரு மறுமொழியும் சொல்லவில்லை.